போர் தண்ணீரில் ஃபுளோரைடு 3.2 வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது?

தென்பெண்ணை

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் 850 அடிக்குப் போர் போட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், உப்புக் கரிக்காது, பருப்பு சீக்கிரம் வேகும், வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். அவ்வளவு நல்ல தண்ணீர் என்று நாங்களும் பெருமையாக இருந்தோம்.

பெரியவளுக்கு ஏழு வயது. முன்பல் விழுந்து புதுப் பல் முளைத்திருக்கிறது. அதில் சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பட்டை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்தான் பார்த்துவிட்டு "தண்ணீரை டெஸ்ட் பண்ணுங்கள்" என்றார். மாவட்டத் தலைநகரில் இருக்கும் குடிநீர் ஆய்வகத்தில் கொடுத்தோம், ஃபுளோரைடு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. சின்னவனுக்கு இப்போதுதான் இரண்டு வயது. நேற்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவே கை நடுங்குகிறது. மாமியாருக்கு முட்டிவலி, இடுப்புவலி வேறு பல வருஷமாக இருக்கிறது, அதுவும் இதனால்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தயவுசெய்து.

கிணற்றடி

பயப்படாதீங்க. நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, செப்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்துக் கொடுங்கள். தேத்தான் கொட்டை கிடைத்தால் குடத்தின் உள்பக்கம் உரசிவிடுங்கள். எங்கள் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பழைய_வேதியியல்

கிணற்றடி நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் இந்த விஷயத்தில் அது ஆபத்தான யோசனை, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். செம்பு கிருமியைக் கொல்லும், உண்மை. தேத்தான் கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், அதுவும் உண்மை. ஃபுளோரைடு கிருமியும் இல்லை, கலங்கலும் இல்லை. உப்பு கரைந்திருப்பதுபோலத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். நாலு லிட்டர் மூன்று லிட்டராகச் சுண்டினால் உங்கள் 3.2 ஏறக்குறைய 4.3 ஆகிவிடும். நைட்ரேட், ஆர்சனிக் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

நான் முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவன், ஊர் பென்னாகரம் பக்கம். அம்மா, "பருப்பு சீக்கிரம் வேகும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைவான, சோடியம் பைகார்பனேட் மிகுந்த, காரத்தன்மையுள்ள தண்ணீரில்தான் பருப்பு அப்படிக் குழையும். அந்த மாதிரித் தண்ணீரில்தான் ஃபுளோரைடும் ஏறும். கால்சியம் இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும், இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் கரைந்துகொண்டே போகும். நம் மாவட்டத்துப் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் நிறைய. தண்ணீர் அந்தப் பாறை இடுக்கில் எத்தனை காலம் தங்கியிருக்கிறதோ அத்தனைக்குக் கரைத்து எடுக்கும். யாரும் கொட்டிய விஷம் இல்லை இது, மண்ணே கொடுப்பது. அதனால்தான் கண்ணுக்கும் நாக்குக்கும் மூக்குக்கும் தெரிவதில்லை.

பாட்டி காலத்துக் கணக்கு இப்போது செல்லாது என்பதும் இதனால்தான். அவர்கள் குடித்தது முப்பது நாற்பது அடிக் கிணற்றுத் தண்ணீர், வருஷா வருஷம் மழையில் புதிதாக ஊறுவது. கிணறு வற்றியது, நாம் 300, 600, 850 அடி என்று போய்க்கொண்டே இருக்கிறோம். வங்காளத்தில் இதைவிடக் கொடுமை. குளத்துத் தண்ணீரில் வயிற்றுப்போக்கு வந்து பிள்ளைகள் சாகிறார்கள் என்று லட்சக்கணக்கில் கைப்பம்பு போட்டார்கள், அது ஆர்சனிக் தண்ணீராகப் போனது. 1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் சாஹா கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது.

எண்ணுக்கு வருவோம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்வது லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனமும் 1.5தான். ஆனால் அளவைவிட எவ்வளவு குடிக்கிறோம் என்பதுதான் முக்கியம். உங்கள் தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் 9.6 மில்லிகிராம். வெயிலில் களை எடுக்கிறவர் ஐந்து லிட்டர் குடித்தால் 16. மொத்தமாக ஒரு நாளைக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போனாலே எலும்புக்கு ஆபத்து தொடங்கலாம், 14இல் அது உறுதி என்று உலக சுகாதார நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. அதனால் 3.2 என்பது "கொஞ்சம்தானே கூட" என்று விடுகிற எண் இல்லை.

வெண்பல்

பல் மருத்துவர் நான், சேலத்தில். தென்பெண்ணை, ஒரு விஷயம் எனக்கு உதைக்கிறது. போர் போட்டது போன வருஷம் என்கிறீர்கள். ஆனால் பெரியவளுக்கு இப்போது முளைத்திருக்கும் முன்பல் ஈறுக்குள் உருவாகத் தொடங்கியது அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அதன் எனாமல் நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்தப் பட்டை வெளியிலிருந்து படிந்த கறை இல்லை, பல் உருவாகும்போதே விழுந்த குறை. அப்படியென்றால் அந்தக் கோடு இந்தப் போர் போட்டது இல்லை. அவள் இரண்டு மூன்று வயதில் எந்தத் தண்ணீர் குடித்தாள்?

இன்னொன்று, சின்னவன். இரண்டு வயதை ஒட்டிய காலம்தான் மேல் முன்பற்களுக்கு மிக நொய்மையான காலம். அவனுக்கு இன்றைக்கே மாற்றுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். எட்டு வயதுக்குமேல் கடைவாய் ஞானப்பல் தவிர மற்றவற்றுக்கு எனாமல் முடிந்துவிடும், அதன்பிறகு பல்லுக்குப் புதிதாக ஒன்றும் ஆகாது, எலும்புக்கு ஆகும்.

பெரியவளைத் திட்டித் திட்டிப் பல் தேய்க்கவைக்காதீர்கள். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் சாம்பல், செங்கல்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்து ஈறு புண்ணாகி வருகிறார்கள். வாயை மூடிக்கொண்டே சிரிக்கும் பதினாறு வயதுப் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அது தேய்க்காத பல் இல்லை, குடித்த தண்ணீர்.

தென்பெண்ணை

டாக்டர், நீங்கள் கேட்டதும்தான் யோசித்தேன். போருக்கு முன்னால் தெருக் குழாய்தான். அது ஒகேனக்கல் தண்ணீர் என்றுதானே நாங்கள் நினைத்திருந்தோம்? அதில் எப்படி ஃபுளோரைடு வரும்?

களத்துமேடு

அக்கா, எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் திறந்தார்கள். ஜப்பான் கடனுதவி, 1,928 கோடி ரூபாய். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்று இருக்கிறது, இதே நோய்க்காகவே வந்த திட்டம் அது. காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஊருக்கு வந்த பிறகு? எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் காவிரிக் குழாயும் போகிறது, பழைய ஊர்ப் போரின் குழாயும் போகிறது. கோடையில் காவிரி குறைவாக வந்தால் மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரை ஏற்றித் தொட்டியை நிரப்பிவிடுவார்கள். குழாயில் வருவது கலப்பு. ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் எல்லோரும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறோம். நீங்கள் தெருக் குழாயையும் டெஸ்ட் செய்யுங்கள். ஒரு நாள் இல்லை, இரண்டு மூன்று வெவ்வேறு நாள்.

சர்வீஸ்_பெட்டி

ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறவன் நான், பதினொரு வருஷமாக. வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள் அக்கா.

கடையில் "வாட்டர் பியூரிஃபையர்" என்று விற்கிற எல்லாம் ஃபுளோரைடை எடுக்காது. யூ.வி. லைட் கிருமிக்கு. மெழுகுவத்தி மாதிரி இருக்கும் கேண்டில் ஃபில்டர் மண்ணுக்கும் தூசுக்கும். கார்பன் ஃபில்டர் குளோரின் வாடை, பூச்சிமருந்து இவற்றுக்கு. இவற்றில் ஆர்.ஓ. மெம்பரேன் என்கிற நுண்சவ்வு மட்டும்தான் ஃபுளோரைடில் பத்தில் ஒன்பது பங்கை நிறுத்தும். 3.2 உள்ளே போனால் 0.3 அளவில் வெளியே வரும், மெம்பரேன் நன்றாக இருந்தால்.

அப்புறம் யாரும் சொல்லாத விஷயம். நிறைய மெஷினில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். "மினரல் காப்பாற்றுகிறது" என்று சொல்லி விற்பார்கள். அது என்ன செய்கிறது என்றால் மெம்பரேன் வழியாகப் போகாத பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் சுத்தத் தண்ணீரில் கலந்துவிடுகிறது, ருசிக்காக. ஆற்றுத் தண்ணீர் உள்ள ஊரில் பரவாயில்லை. உங்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 0.3 என்பது 1.3 ஆகிவிடும். காசு கொடுத்து மெஷின் வாங்கி, அதற்குள்ளேயே ஃபுளோரைடைத் திரும்பக் கலந்து குடிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். பொருத்த வருகிறவரிடம் அந்தத் திருகை முழுசாக மூடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கையில் பிடித்துப் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் ஃபுளோரைடைக் காட்டாது. மொத்த உப்பைத்தான் காட்டும். 300 டி.டி.எஸ். உள்ள தண்ணீரில் 4 ஃபுளோரைடும் இருக்கலாம், 1,500 உள்ளதில் அரைகூட இல்லாமலும் இருக்கலாம்.

செம்மண்

எல்லோரும் ஆர்.ஓ. ஆர்.ஓ. என்கிறீர்கள். ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வீணாகப் போகிறது. 850 அடியிலிருந்து கரண்ட் செலவு பண்ணி இழுத்த தண்ணீர் அது. வறண்ட மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இதைச் செய்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? அந்த மூன்று லிட்டரில் ஃபுளோரைடு இன்னும் அடர்த்தி, கணக்குப் போட்டால் லிட்டருக்கு 4.2 வருகிறது. அதை வாளியில் பிடித்து மாட்டுக்கு வைக்கிறார்கள். மாட்டுக்கும் பல் கொட்டும், கால் பிடித்துக்கொள்ளும். தரை துடைக்க, கக்கூஸுக்கு என்று மட்டும் வையுங்கள்.

நல்கொண்டா முறையை ஏன் யாரும் பேசுவதில்லை? நாக்பூரில் இருக்கும் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) 1970களில் நம் மாதிரி ஊர்களுக்காகவே கொண்டுவந்தது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், ஒரு வாளி, அவ்வளவுதான்.

பழைய_வேதியியல்

செம்மண் சொல்வதில் பாதிக்கு நான் கைதூக்குகிறேன். வீணாகும் தண்ணீர் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம். அதற்கு வழி, ஆர்.ஓ. தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது. குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் போதும், தோல் வழியாக ஃபுளோரைடு பெரிதாக ஏறாது. ஆனால் சமையலை மறந்துவிடாதீர்கள். களி கிண்டும்போதும் சோறு பொங்கும்போதும் ஊற்றிய தண்ணீர் அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகிறது. கேன் வாங்கிக் குடித்துவிட்டுக் களியை மட்டும் போர் தண்ணீரில் கிண்டுகிற வீடுகள் எங்கள் ஊரில் ஏராளம்.

நல்கொண்டா முறையை நான் பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளோடு செய்து பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறது. ஆனால் படிகாரம் எவ்வளவு என்பது ஃபுளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து மாறும், கண்ணளவில் போடக்கூடாது. வேகமாகக் கலக்கி, பிறகு பத்து நிமிஷம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடிக்க வேண்டும். அளவு தவறினால் அலுமினியமும் சல்பேட்டும் தண்ணீரில் தங்கிவிடும். அடியில் படிந்த கசண்டை எங்கே கொட்டுவது? கிணற்றோரம் கொட்டினால் சுற்றி வந்து நம்மிடமே வரும். பொறுப்பான ஒருவர் தினமும் செய்கிற ஊர்த் தொட்டிக்கு அது சரி, இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் தினமும் செய்ய வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆக்டிவேட்டட் அலுமினா என்று ஒரு வெள்ளைக் குருணை இருக்கிறது, அது ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும், தண்ணீரும் வீணாகாது, கரண்டும் வேண்டாம். ஆனால் கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள தண்ணீரில்தான் அதற்கு முழு பலம். நம் காரத் தண்ணீரில் சீக்கிரம் நிறைந்துவிடும். பிறகு காஸ்டிக் சோடாவிலும் அமிலத்திலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். நிறைந்துபோனது வெளியே தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

பாலாற்றங்கரை

வாணியம்பாடியிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு மண் கொடுத்த கெடுதல், எங்களுக்கு மனிதன் கொடுத்தது. தோல் பதனிடும் கழிவு பாலாற்று மணலில் இறங்கி ஊர்க் கிணறெல்லாம் உப்பாகிப் போனது, குரோமியம் வேறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கியது, அசுத்தப்படுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். கிணறு திரும்பவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆய்வகத்துக்குப் போகும்போது ஃபுளோரைடு ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுற்றிலும் என்ன தொழில், என்ன விவசாயம் என்று யோசித்து அதற்கான சோதனையையும் கேளுங்கள்.

வலிகாமம்

பாலாற்றங்கரை சொன்னது மெத்தச் சரி. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாம். மேலே செம்மண் ஒரு மெல்லிய படைதான். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குப் போடுகிற யூரியாவும் வளவுக்கு வளவு இருக்கிற மலக்குழியும் நேரே கீழே இறங்கிவிடும். பல கிணறுகளில் நைட்ரேட், குடிக்கக்கூடிய 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது.

தங்கச்சி, உங்கள் சின்னவனுக்கு இரண்டு வயதாகிவிட்டது. ஆனால் இதை வாசிக்கிற வேறு தாய்மாருக்காக எழுதுகிறேன். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நைட்ரேட் கூடிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற வேலையைச் செய்யாது, உதடும் நகமும் நீலமாகும். கொதித்தாறிய தண்ணீர்தானே என்று நினைத்துக் கொடுப்பார்கள், கொதிக்கவைத்தால் நைட்ரேட் கூடத்தான் செய்யும். அந்த வயதில் தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் இந்தக் கவலையே இல்லை.

தென்பெண்ணை

எல்லோருக்கும் நன்றி. வாசித்துக்கொண்டே அழுதுவிட்டேன், பயத்தால் இல்லை, கேட்க ஆள் இருக்கிறது என்று. மாமியாரைப் பற்றி யாராவது சொல்லுங்கள். குனிந்து கோலம் போட முடியவில்லை, கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்புகிறார். "வயசானால் வரத்தான் செய்யும்" என்கிறார், அவருக்கு 54தான். புளி நல்லது என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா?

வெண்பல்

54 வயதில் கழுத்தோடு உடம்பும் சேர்ந்து திரும்புகிறது என்றால் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் "எங்கள் தண்ணீரில் ஃபுளோரைடு 3.2" என்ற சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். முன்கை எக்ஸ்ரேயிலும் முதுகு எக்ஸ்ரேயிலும் தெரியும், சிறுநீரிலும் பார்க்கலாம். வெறும் மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம், நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் ஷார்ட் என்ற மருத்துவர் இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோயை முதன்முதலில் கண்டு எழுதியபோதும் இதே மாதிரி வளையாத முதுகுகளைத்தான் பார்த்தார். எலும்பில் சேர்ந்ததை எடுக்க மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றினால் மேலும் சேராது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும், ஆரம்ப கட்டத்தில் வலி நன்றாகவே குறைகிறது.

புளி: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் ஃபுளோரைடு அதிகம் வெளியேறியது. அதனால் ரசத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் புளி தண்ணீர் மாற்றுவதற்குப் பதில் ஆகாது. அதைவிட முக்கியம் கால்சியம். குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்து வெளியேற்றிவிடும். உங்கள் ஊர்க் கேழ்வரகு அதற்கு அருமையானது, நல்ல தண்ணீரில் கிண்டினால். மோர், கீரை, நெல்லிக்காய் சேருங்கள். கட்டன் டீயையும் கறுப்பு உப்பையும் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டிலும் ஃபுளோரைடு உண்டு.

களத்துமேடு

மழைத்தண்ணீரை மறந்துவிட்டீர்களே. வானத்திலிருந்து வருவதில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. 50 சதுர மீட்டர் கான்கிரீட் மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர், சிந்தியது போக 4,000 கையில் நிற்கும். குடிக்க, சமைக்க வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் 200 நாள். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இப்படித்தான். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், தொட்டியில் வெளிச்சமும் கொசுவும் போகக்கூடாது, இதற்குத்தான் கொதிக்கவைக்க வேண்டும், கிருமிக்காக. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பிடிக்காதீர்கள்.

தென்பெண்ணை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தெருக் குழாயை மூன்று நாள் எடுத்துக் கொடுத்தோம். 0.6, 1.9, 1.7. டாக்டர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கிராம சபையில் அந்தச் சீட்டைப் படித்தோம். காவிரிக்கு ஒரு தனிக் குழாய், போருக்குத் தனித் தொட்டி என்று கேட்டிருக்கிறோம், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள், நான் விடப்போவதில்லை.

வீட்டில் இப்போதைக்கு ஆர்.ஓ. வைத்துவிட்டோம். தம்பி சொன்ன திருகு இருந்தது, பாதி திறந்தே இருந்தது. மூடவைத்தோம். மூடிய பிறகு 0.4. மாடிக்குப் பைப் போடக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறது. மாமியாருக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, எலும்பில் ஃபுளோரைடு சேர்ந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். களியை நல்ல தண்ணீரில் கிண்டினால் ருசி இல்லை என்கிறார், ஆனாலும் சாப்பிடுகிறார்.

அடுத்து அங்கன்வாடித் தண்ணீர். சின்னவன் இன்னும் ஒரு வருஷத்தில் அங்கே போக வேண்டும், இப்போதே பதினெட்டுப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். திங்கட்கிழமை சாம்பிள் எடுக்கப் போகிறேன். வீட்டில் சுத்தமான ஜாம் பாட்டில் ஒன்று இருக்கிறது, அது போதுமா?

பழைய_வேதியியல்

கண்ணாடி வேண்டாம் அம்மா, ஃபுளோரைடு கண்ணாடியோடு ஒட்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுக் கழுத்துவரை பிடியுங்கள். பிள்ளைகள் குடிக்கிற குடத்திலிருந்து ஒன்று, குழாயிலிருந்து ஒன்று. தேதியும் நேரமும் ஒட்டிவிடுங்கள். திங்கட்கிழமை நானும் ஆய்வகத்துக்கு வருகிறேன்.